கன்வெர்ஷன் தெரபி: போலி வைத்தியர்கள் வேலை மட்டும்தானா?

கூடல்வாசி | ஏப்ரல் 19, 2025

மாட்டுத்தாவணி பக்கம் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஆண்மைக்குறைவு, கைப்பழக்கம், அதோடு ‘ஓரினச்சேர்க்கைப் பழக்கமும்’ 40 நாளில் குணமாகுமாம். கீழே லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், வைத்தியர் மாதத்தில் எந்தத் தேதி வருவார் என்ற விவரம். ஒருவரின் தன்பால் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் இந்தக் கன்வெர்ஷன் தெரபி என்பதே இப்படிப்பட்ட லாட்ஜ் வைத்தியர்களும் மந்திரிப்பவர்களும் கிளப்பிவிட்டதுதான். முறையாகப் படித்த உளவியல் நிபுணர்கள் எந்தக் காலத்திலும் இதை ஏற்றுக்கொண்டதில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

புதூர்க்காரன் | ஏப்ரல் 19, இரவு

மறுக்கிறேன். கடையைத் திறந்ததே படித்தவர்கள்தான். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் லாட்ஜ் வைத்தியர் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

1889ல் பாரிஸில் ஹிப்னாடிச மாநாடு ஒன்று நடந்தது. ஷ்ரெங்க்-நோட்ஸிங் என்ற ஜெர்மன் மருத்துவர் அங்கே எழுந்து, ஆண்கள் மேல் ஆசைப்பட்ட ஒருவரை ஹிப்னாடிசம் செய்தும், விலைமாதர் வீட்டுக்கு அனுப்பியும் மாற்றிவிட்டதாக அறிவித்தார். கோட்டு போட்டவர்கள் கூடிய சபை அது. கோடாங்கி யாரும் அங்கே இல்லை.

1935ல் லூயிஸ் மேக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், மின்சார அதிர்ச்சி கொடுத்து ஒருவரின் ஆசையை உடைத்ததாகத் தன் சங்கத்துக்கே அறிக்கை கொடுத்தார். அதே 1935ல்தான், பேசவைத்து மனதை ஆராயும் மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு, தன் மகனை நினைத்துக் கலங்கி எழுதிய ஓர் அமெரிக்கத் தாய்க்குப் பதில் எழுதுகிறார்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதை நோயென்று வகைப்படுத்த முடியாது, மாற்றித் தருவதாக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று. தொழிலுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவரின் கடிதம் இருந்தது. தொழில் அதை ஓரமாக வைத்துவிட்டு ஷாக் பெட்டியைக் கையில் எடுத்தது.

புதூர்க்காரன் | ஏப்ரல் 20

நேற்று விட்டதைச் சேர்க்கிறேன். ஃப்ராய்டு பேரைச் சொல்லிக்கொண்டு அமெரிக்காவில் வளர்ந்த கூட்டம் அவர் கடிதத்துக்கு நேர் எதிராகப் போனது. 1962ல் இர்விங் பீபரும் குழுவும் 106 ஆண்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் அம்மா, ஒதுங்கிப்போகும் அப்பா, அதனால் பையன் இப்படி என்பது அதன் சாரம். நான்கில் ஒருவருக்கு மேல் மாறிவிட்டதாகவும் சொன்னார்கள். அந்த 106 பேரும் ஏற்கெனவே மனப்பகுப்பாய்வுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். தகவல் கொடுத்தது அவர்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களே. பரீட்சை வைத்தவரும், எழுதியவரும், மார்க் போட்டவரும் ஒரே ஆள்.

அப்பா ஒதுங்காத, அம்மா ஒட்டிக்கொள்ளாத வீடு நம்ம தெருவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், பார்ப்போம்.

செல்லூர் ராணி | ஏப்ரல் 20

அண்ணே, வெளிநாட்டுக் கதை போதும். நம்ம ஊரில் நடந்ததா?

புதூர்க்காரன் | ஏப்ரல் 21

நடந்தது தங்கச்சி. அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். வருஷம் 1984. மதுரையில் எந்தக் கிளினிக், யார் டாக்டர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அதற்கு முன்னால் அம்மா என்னை மேலூர் பக்கம் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போயிருந்தார். உடுக்கை அடித்தார், ஏதோ முனி என்றார், ஒரு சேவலும் ஒரு குவார்ட்டரும் கேட்டார், போகப் போகச் சரியாகும் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா கோர்ட்டில் குமாஸ்தா, படித்தவர். ‘இந்தக் காலத்தில் போய் உடுக்கையா’ என்று அம்மாவைத் திட்டிவிட்டு, சயன்ஸ் முறைப்படி பார்க்கலாம் என்று என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்.

கைக்கு அடக்கமான ஒரு மரப்பெட்டி. மேலே கருப்புக் குமிழ், அதைச் சுற்றி 0 முதல் 10 வரை கோடு போட்டிருக்கும். இடது முழங்கைக்குக் கீழே உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, அதன்மேல் இரண்டு தகடு, அதைச் சுற்றி ஒரு நாடா. எதிர்ச் சுவரில் ஸ்லைடு புரொஜெக்டர் படம் விழும். ஆண் படம் வந்தால் சில விநாடியில் ஷாக். தாங்க முடியாதபோது கையிலிருக்கும் பட்டனை அழுத்தினால் படமும் போகும், ஷாக்கும் நிற்கும். அடுத்த படம் பெண். அப்போது நிம்மதி. அந்த நிம்மதியைப் பெண்ணோடு சேர்த்து மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பது கணக்கு.

ஆண் படங்கள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் எடுத்த நீச்சல்காரர்கள். ஒருவரை எப்போதும் தலைகீழாகப் போட்டுவிடுவார் அந்த உதவியாளர். பெண் படங்களுக்கு ஒரு புடவைக்கடை காலண்டரைப் போட்டோ பிடித்து ஸ்லைடாக்கியிருந்தார்கள். ஓரத்தில் பாதிக் கடைப்பெயரும், கீழே ‘ஆடித் தள்ளு’ வரைக்கும் தெரியும். ‘படி’ வெட்டுப்பட்டுவிட்டது. இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டிப் போனால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

புதூர்க்காரன் | ஏப்ரல் 21, சற்றுப் பிறகு

சீட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் சீட்டில் டாக்டர் 302.0 என்று எழுதிக் கொடுத்தார். மாமா கோர்ட் ஆள் அல்லவா, பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ‘என்ன சார், கொலைக்கேஸ் செக்‌ஷன் போட்டிருக்கீங்க?’ டாக்டர் சிரித்துவிட்டு, இது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் எண் என்று விளக்கினார். உண்மைதான். ஐ.சி.டி.யின் 9ஆம் பதிப்பில் தன்பால் ஈர்ப்புக்கு 302.0. அன்றைய இ.பி.கோ.வில் கொலைக்குத் தண்டனை 302, தன்பால் உறவைக் குற்றமாக்கி எங்களுக்கு 377. ஒரே ஆள் மேல் இரண்டு புத்தகம்.

கூடல்வாசி | ஏப்ரல் 22

சார், உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறேன். ஆனால் யாரோ ஒரு தனி டாக்டர் செய்த விஷப்பரீட்சையை மொத்தத் தொழிலின் தலையில் கட்டுவது நியாயமா?

புதூர்க்காரன் | ஏப்ரல் 22

தனி டாக்டர் கண்டுபிடித்தது அல்ல அந்தப் பெட்டி. பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மான்செஸ்டரில் கிரம்சல் மருத்துவமனையில் மக்கல்லோக், ஃபெல்ட்மன் என்ற இருவர் வகுத்த முறை அது. பட்டனை அழுத்தித் தப்பிக்கலாம் என்ற ஏற்பாடு உட்பட. 43 பேருக்குச் செய்ததை 1967ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் போட்டார்கள். உலகத்தில் டாக்டர்கள் மதித்துப் படிக்கும் இதழ்களில் ஒன்று. அதே 1967ல்தான் இங்கிலாந்தில் சட்டம் மாறி, வயதுவந்த இரண்டு ஆண்கள் தனிமையில் இருப்பது குற்றமல்ல என்று ஆனது. சட்டம் கையை எடுத்த நேரத்தில் ஆஸ்பத்திரி கையை வைத்துக்கொண்டிருந்தது.

மின்சாரம் தவிர இன்னொரு வழி வாந்தி. குடிகாரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அபோமார்ஃபின் ஊசியை இதற்கும் திருப்பினார்கள். ஊசி, படம், வாந்தி, மறுபடி ஊசி. 1962ல் இங்கிலாந்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் இப்படிச் சிகிச்சை பெற்ற இளம் கேப்டன் ஒருவர் செத்தே போனார். இயற்கை மரணம் என்று எழுதி மூடினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது.

இந்தியாவா? 1982ல் இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் சொந்த ஆய்விதழிலேயே 13 ஆண்களுக்கு நடத்தைச் சிகிச்சை கொடுத்து 8 பேர் மாறினார்கள் என்று கட்டுரை வந்தது. லாட்ஜ் நோட்டீஸ் இல்லை கூடல்வாசி, ஆய்விதழ். எங்கள் டாக்டர் படித்தவர், நாட்டு நடப்பு தெரிந்தவர். அவர் செய்தது அன்றைய பாடப்படி சரி. என் புகாரே அதுதான்.

ஜெய்ஹிந்த்புரம்_குமார் | ஏப்ரல் 24

யாரும் கையைக் காலைக் கட்டி ஷாக் வைக்கவில்லையே. நீங்களே போனீர்கள், நீங்களே சம்மதித்தீர்கள். வந்து கேட்பவனுக்கு வைத்தியம் பார்ப்பது டாக்டர் கடமை. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

புதூர்க்காரன் | ஏப்ரல் 24

கேள்வி கூர்மை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

புதூர்க்காரன் | ஏப்ரல் 27

ஆமாம் தம்பி, நான்தான் கேட்டேன். கையெழுத்துப் போட்டதும் நான்தான். ‘எப்படியாவது மாத்திவிடுங்க சார்’ என்று அழுததும் நான்தான்.

எப்போது கேட்டேன் என்று பாருங்கள். அக்கா கல்யாணம் நின்றுபோகும் என்று அம்மா சொன்ன வாரம். ‘பையன் விஷயம் கொஞ்சம் கேள்விப்பட்டோம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்த வாரம். பெரியப்பா என் தட்டைத் தனியே எடுத்து வைத்த வாரம். அந்த வாரத்தில் என்னிடம் வந்து விஷத்தைக் குடி என்றாலும் குடித்திருப்பேன். அதற்குப் பேர் சம்மதம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் சொன்னால் பாதிக்கப்பட்டவன் புலம்பல் ஆகிவிடும். ஜெரால்ட் டேவிசன் சொன்னதைக் கேளுங்கள். அமெரிக்க நடத்தைச் சிகிச்சையாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர், இந்த முறைகளைக் கற்றுக்கொடுத்த கூட்டத்தில் முன்வரிசை ஆள். 1974ல் தன் தலைமை உரையில் அவர் சொன்னது இதுதான்: மாற்றும் சிகிச்சையை நிறுத்துங்கள், நோயாளி தானாக வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது வேலை செய்கிறதா இல்லையா என்பதை அவர் விவாதத்தின் மையமாகவே வைக்கவில்லை. வேலை செய்தாலும் கூடாது என்றார். ஊர் முழுக்க ஒருவனை அசிங்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் ‘மாற்றிவிடு’ என்று கேட்பதைச் சுதந்திரமாகக் கேட்டதாக எப்படி எடுத்துக்கொள்வது? அதோடு, டாக்டர் ‘சரி, செய்யலாம்’ என்று தலையாட்டும் அந்த நிமிஷமே, ஊர் சொன்னது சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

எனக்கு 1984ல் நடந்தது. அவர் பேசியது 1974ல். பத்து வருஷம்! அந்த உரை கடல் தாண்டி வரவில்லை, பெட்டி மட்டும் வந்துவிட்டது.

செல்லூர் ராணி | ஏப்ரல் 27

குமார் தம்பி, இதுக்கு என்ன பதில்?

ஜெய்ஹிந்த்புரம்_குமார் | ஏப்ரல் 28

பதில் யோசிக்கிறேன் அக்கா. அதற்குள் இன்னொன்று. 1973ல் அமெரிக்காவில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் இதை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தார்களாமே. ஓட்டுப் போட்டு முடிவு செய்வது என்ன சயன்ஸ்?

புதூர்க்காரன் | ஏப்ரல் 29

எல்லோரும் இதை இப்படியே சொல்கிறார்கள், ஆனால் வரிசை தப்பு.

முதலில் ஆராய்ச்சி. 1957ல் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் 30 தன்பால் ஈர்ப்பு ஆண்கள், 30 மற்ற ஆண்கள் என்று எடுத்தார். சிகிச்சைக்கு வராத, சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த ஆட்கள். மைப்பொட்டுச் சோதனை முதல் அந்தக் காலத்தில் பெரிதாக நம்பப்பட்ட சோதனைகளைக் கொடுத்து, விடைத்தாளில் யார் எவர் என்று தெரியாமல் மறைத்து, கைதேர்ந்த நிபுணர்களிடம் பிரிக்கச் சொன்னார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. நோயென்றால் எங்காவது தெரியணுமே! பீபர் ஐந்து வருஷம் கழித்து வருகிறார், ஹூக்கர் ஆய்வே நடக்காத மாதிரி.

அப்புறம் நோயாளி என்று சொல்லப்பட்டவர்களே உள்ளே புகுந்தார்கள். 1970ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர்கள் மாநாட்டில் ஷாக் சிகிச்சை பற்றி ஒருவர் கட்டுரை படித்தபோது கூட்டத்தில் கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். 1972ல் டல்லஸ் மாநாட்டு மேடையில் ஒரு மனநல மருத்துவர் முகமூடி, தொளதொள கோட்டு, குரலை மாற்றும் மைக் என்று உட்கார்ந்து ‘நானும் அப்படித்தான், நானும் உங்களில் ஒருவன்’ என்றார். ஜான் ஃப்ரையர். தன் பெயரை அவர் வெளியே சொன்னது 1994ல். நோயைக் குணப்படுத்தும் சபையில் டாக்டரே முகத்தை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய நிலை!

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நிர்வாகக் குழு அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. குமார் சொல்லும் ஓட்டெடுப்பு அதற்குப் பிறகு, 1974ல். கேட்டது யார்? எடுக்கக் கூடாது என்ற அணி. சார்லஸ் சோகரைடிஸ், பீபர் வகையறா. சயன்ஸில் ஓட்டா என்று கேட்பவர்களின் தாத்தாக்கள்தான் ஓட்டுப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. 5,854 பேர் எடுத்தது சரி என்றார்கள், 3,810 பேர் தப்பு என்றார்கள். வைத்தவர்களே தோற்றார்கள்.

சோகரைடிஸ் அதோடு விடவில்லை. 1992ல் மாற்றும் சிகிச்சைக்கென்றே தனிச் சங்கம் ஆரம்பித்தார். அவருடைய மகன் வெளிப்படையாகத் தன்பால் ஈர்ப்பாளர், கிளின்டன் அரசில் ஆலோசகர். வீட்டு விசேஷங்களில் என்ன பேசிக்கொண்டார்களோ!

புதூர்க்காரன் | ஏப்ரல் 29, இரவு

ஒரு திருத்தம், என் மேலே அல்ல, ‘1973ல் முடிந்தது’ என்று நினைப்பவர்கள் மேலே. முடியவில்லை. முன்வாசலை மூடிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தார்கள். தன் ஈர்ப்பை நினைத்து ஒருவர் வருந்தினால் அந்த வருத்தம் நோய் என்று 1980ல் வந்த டி.எஸ்.எம். (அந்த அமெரிக்கச் சங்கத்தின் நோய்ப்பட்டியல்) மூன்றாம் பதிப்பு எழுதிக்கொண்டது. 1987ல்தான் அதையும் எடுத்தார்கள். ஐ.சி.டி.யில் இதே வகை இன்னும் நீண்டது. 11ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்த 2022 வரை. ஊர் வருத்தப்பட வைக்கும், டாக்டர் வருத்தத்துக்கு மருந்து கொடுப்பார். குமார் கேட்ட ‘வந்து கேட்பவனுக்கு’ என்ற வாதம் அச்சில் ஏறிய இடம் இதுதான்.

திருமங்கலம் ஆசிரியர் | மே 2

ஐயா, உங்களுக்கு அந்தச் சிகிச்சையால் ஏதாவது மாறியதா? தவறாக எண்ண வேண்டாம்.

புதூர்க்காரன் | மே 3

தவறில்லை வாத்தியாரே. மாறியது. புரொஜெக்டரில் ஸ்லைடு மாறும்போது ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வருமல்லவா? அந்தச் சத்தத்துக்கு என் இடது கை துள்ளும். ரொம்ப வருஷம் கல்யாண வீட்டில் போட்டோகிராபர் பக்கத்தில் நிற்க மாட்டேன். சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறவைத்த பாவ்லோவ் பொய் சொல்லவில்லை. மனசு அவர்கள் காட்டிய படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. நீச்சல்காரர்கள் மேல் எனக்கு இருந்த அபிப்பிராயம் அப்படியே இருந்தது, தலைகீழாக நின்றவர் உட்பட.

எப்படி வெளியே வந்தேன் தெரியுமா? ஒருநாள் ‘சரியாயிடுச்சு சார்’ என்றேன். டாக்டர் எழுந்து நின்று கையைக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நோட்டில் குணமடைந்தார் என்று எழுதினார். வெளியே மாமாவிடம் ‘சீக்கிரம் பொண்ணு பாருங்க, தள்ளிப் போடாதீங்க’ என்றார். அது மருந்தின் கடைசி வேளை மாதிரி.

கல்யாணம் ஆனதா என்று அடுத்த கேள்வி வரும். என் ஜாதகத்தில் கடுமையான செவ்வாய் தோஷம். அறிவியல் கைவிட்ட இடத்தில் ஜோசியம் காப்பாற்றியது. அதற்குள் வங்கிப் பரீட்சை எழுதி வடக்கே போஸ்டிங் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

புதூர்க்காரன் | மே 4

நேற்று எழுதியதை இன்று படித்தபோது தோன்றியது. அந்த டாக்டரின் நோட்டில் நான் இன்றைக்கும் வெற்றிக் கணக்கில்தான் இருப்பேன். 13ல் 8, நான்கில் ஒன்று என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. இதில் ‘சரியாயிடுச்சு சார்’ எத்தனை?

ராபர்ட் ஸ்பிட்சர் கதை இதற்குத்தான் வேண்டும். 1973ல் பட்டியலிலிருந்து எடுக்கும் வேலையை முன்னின்று செய்தவர். அவரே 2001ல், மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரிடம் போனில் பேசி, சிலர் நிஜமாகவே மாறுகிறார்கள் என்று அறிவித்தார். 2003ல் கட்டுரையாக வந்தது. உலகம் முழுக்க மாற்றும் சிகிச்சைக் கோஷ்டிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். போனில் சொன்னது உண்மையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்று ஒப்புக்கொண்டு 2012ல் மன்னிப்புக் கேட்டார். மனதைப் படிக்கும் வேலை பார்த்தவருக்குப் போன் மறுமுனையில் ஒருவர் ஏன் ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லக்கூடும் என்பது தோன்றப் பத்து வருஷம்.

கூடல்வாசி | மே 5

ஒப்புக்கொள்கிறேன், என் முதல் வரி நிற்காது. ஆனாலும் உங்கள் டாக்டர் கண் கலங்கினார் என்கிறீர்கள். நல்ல மனுஷர்தானே? அந்தக் கால அறிவு அவ்வளவு.

புதூர்க்காரன் | மே 6

நல்ல மனுஷர். குமிழை 4க்கு மேல் திருப்பியதில்லை. ஏழை என்றால் பீஸைக் குறைப்பார். ‘தம்பி, சாப்பிட்டு வந்தியா’ என்று கேட்டுவிட்டுத்தான் நாடாவைக் கட்டுவார்.

புதூர்க்காரன் | மே 8

மேலே எழுதியது பாதிதான். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

‘அந்தக் கால அறிவு’ என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் அதே காலத்தில் குர்ட் ஃபிராய்ண்ட் இருந்தார். செக்கோஸ்லோவாக்கியாக்காரர். 1950களில் இதே அபோமார்ஃபின் ஊசி, இதே படம் என்று நிறையப் பேருக்குச் செய்தவர். வித்தியாசம் ஒன்றுதான். சில வருஷம் கழித்து அவர்களைத் தேடிப்போய் என்ன ஆனது என்று பார்த்தார். மாற்றம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் அதை மறைக்காமல் எழுதினார், சிகிச்சையை விட்டார், இதைக் குற்றமாக வைக்கக் கூடாது என்று பேசினார். அந்த நாட்டில் 1961லேயே குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

எங்கள் டாக்டர் என்னைத் தேடி வந்ததே இல்லை. என் வீடு அவர் கிளினிக்கிலிருந்து ஒரு டவுன்பஸ் தூரம். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால், அதாவது கைகுலுக்கல் முடிந்து நாள் கழித்து ‘எப்படியிருக்கே, உண்மையைச் சொல்லு’ என்று கேட்டிருந்தால், என் அடுத்த ஆளாவது தப்பித்திருப்பான். கண் கலங்கியது எனக்குப் போதவில்லை கூடல்வாசி.

செல்லூர் ராணி | மே 8

பெண்களைப் பத்தி ஒரு வரி கூட வரலையேண்ணே. ஷாக் பெட்டியில் உட்கார்ந்தது எல்லாம் ஆம்பளைங்கதானா?

புதூர்க்காரன் | மே 14

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், அழகர் ஆற்றில் இறங்கியதும் என் போன் எங்கேயோ இறங்கிவிட்டது. புது போன்.

ராணி சொன்னது சரி. ஆய்விதழ்களில் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குப் பெட்டி தேவைப்படவில்லை, வீடே போதுமாக இருந்தது. படிப்பை நிறுத்து, போனைப் பிடுங்கு, முறைமாமனுக்குக் கட்டி வை. டாக்டரிடம் போனால் அதையே லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

பெண்கள் விஷயத்தில் நம்ம மதுரைக்கு ஒரு இடம் உண்டு, அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இரண்டு இளம்பெண்கள், இங்கிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தார்கள். பெற்றோர் இங்கே பெண்ணைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்க, போலீஸ் தேடி வர, அவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை விசாரித்தார். தனக்கு இந்த விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே! அப்புறம் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு. பாலீர்ப்பை மாற்றுகிறேன், பாலின அடையாளத்தை மாற்றுகிறேன் என்று எந்த நிபுணர் முயன்றாலும் நடவடிக்கை, லைசென்ஸ் ரத்து உட்பட.

நான் அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறு. ஒரு நீதிபதி உளவியலாளர் முன்னால் போய் உட்கார்ந்தார், கற்றுக்கொண்டு எழுந்தார். அதே தொழில், அதே நாற்காலிதான். 1984ல் எனக்குக் கிடைத்தது இதுவாக இருந்திருக்கலாம்.

அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019லேயே ஒரு ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் அறுவை செய்வதையும் தடுக்கச் சொன்னது. அந்த வழக்கை நடத்திய இடம் நம்ம ஒத்தக்கடை போகும் வழிதான். ஊர்ப்பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

ஜெய்ஹிந்த்புரம்_குமார் | மே 16

ஏர்வாடியில் 2001ல் நடந்த தீ விபத்தும் இந்தக் கணக்கில் வருமா?

புதூர்க்காரன் | மே 17

வராது தம்பி. ஏர்வாடியில் 28 பேர் இறந்தது மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால். அது தனிக் கொடுமை, தனி இழை போடுங்கள். அதே 2001ல் நம்ம விஷயத்தில் நடந்தது வேறு. டெல்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் மாற்றும் சிகிச்சை கொடுக்கிறார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. ஆணையம் எடுத்துக்கொள்ளவில்லை. 377 சட்டத்தில் இருக்கும்போது உரிமை எங்கிருந்து வரும்? 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் உடைக்கும் வரை அந்தச் சுவர் நின்றது.

இன்றைக்கு மே 17. 1990ல் இதே தேதியில்தான் உலக சுகாதார நிறுவனம் 302.0ஐ எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மாமா உயிரோடு இருந்தால் ‘கேஸ் தள்ளுபடி’ என்று சொல்லியிருப்பார்.

திருமங்கலம் ஆசிரியர் | மே 19

ஐயா, என்னிடம் படித்த மாணவன் ஒருவனை வீட்டில் கவுன்சலிங் என்று கூட்டிப்போய் ‘மாற்றலாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது சட்டப்படி என்ன செய்யலாம்?

புதூர்க்காரன் | மே 20

முதலில் சொன்னவர் யார் என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர், மனநல மருத்துவர் என்றால் வழி நேர். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை நடத்தைக் கேடு என்று அறிவித்து மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். எண் இருந்தால் அங்கே புகார். எண் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தால் அதுவே தனிப் புகார்.

சிக்கல் வெறும் ‘கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்பவர்களிடம்தான். பல பேர் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டார்கள். அவர்களை எந்தக் கவுன்சிலும் கூப்பிட்டுக் கேட்காது. நடைமுறையில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது, கூடல்வாசி பார்த்த நோட்டீஸும் அந்த ஓட்டையில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே படுக்கவைத்துச் சிகிச்சை தருகிறார்கள் என்றால் 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்துக்கு எழுதலாம். அந்தச் சட்டம் பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

பையன் 18 தாண்டியவனா? தாண்டியிருந்தால் அவன் சம்மதம் இல்லாமல் எங்கேயும் கூட்டிப்போக யாருக்கும் உரிமை இல்லை. சீட்டு, ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னிடம் 302.0 சீட்டு இல்லை, மாமா பயத்தில் கிழித்துப் போட்டுவிட்டார்.

புகார் அவன் விருப்பம். அவனைக் கேட்காமல் நீங்களாக எதையும் எழுதிப் போடாதீர்கள் வாத்தியாரே. வீட்டுக்குத் தெரிந்தால் அடி அவனுக்குத்தான் விழும். பேச ஆள் வேண்டுமென்றால் இந்த இழையிலேயே தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.